பதிமூன்றாம் தெருவும் லோகஸ்ட் தெருவும் சந்திக்கும் முனை: முமியாவுக்காக உயர்ந்த வானவில் கொடிகள்

1999 ஏப்ரல் 24, சனிக்கிழமை. அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களில் அன்று சரக்குகள் இறங்கவில்லை. ஐ.எல்.டபிள்யூ.யூ. என்னும் துறைமுகத் தொழிலாளர் சங்கம் வேலையை நிறுத்தியிருந்தது. கோரிக்கை கூலி உயர்வு பற்றியதாக இருக்கவில்லை. நாட்டின் மறுகோடியில், பென்சில்வேனியா மாநிலச் சிறையில், மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த கறுப்பினப் பத்திரிகையாளர் ஒருவருக்காக அந்த வேலைநிறுத்தம் நடந்தது. முமியா அபு-ஜமாலுக்கு அன்று 45 வயது நிறைந்தது. அதே நாளில் ஃபிலடெல்ஃபியாவிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் பல்லாயிரம் பேர் அவருக்காக ஊர்வலம் சென்றனர்.

முமியாவுக்கான இயக்கத்தில் தொழிற்சங்கத்தினர், மாணவர், தேவாலயத்தினர், பழைய கருஞ்சிறுத்தைகள் எனப் பல தரப்பினர் இருந்தனர். தன்பாலீர்ப்பாளரும் திருநரும் தமக்கென ஓர் அணி அமைத்துக்கொண்டு அதில் இணைந்தனர். 'முமியாவுக்காக வானவில் கொடிகள்' என்பது அந்த அணியின் பெயர். முமியா தன்பாலீர்ப்பாளர் அல்லர். அவருடைய வழக்கிலும் பாலினத்தையோ பாலீர்ப்பையோ தொட்ட எதுவும் இல்லை. பிறகு ஏன் இந்தக் கொடி அங்கே உயர்ந்தது?

'ஒடுக்கப்பட்டோர் அனைவரும் ஒன்று' என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை. கேட்க இனிமையான விடைதான். ஆனால் எந்த ஊருக்கும் எந்தக் காலத்துக்கும் பொருந்தும் விடை வரலாற்றில் எதையும் விளக்குவதில்லை. ஃபிலடெல்ஃபியா நகரின் வரலாறு இதைவிடத் துல்லியமான விடையைத் தருகிறது.

முதலில் வழக்கைப் பார்க்கலாம். 1981 டிசம்பர் 9 அதிகாலை நான்கு மணியளவில், நகரின் மையப்பகுதியில் பதிமூன்றாம் தெருவும் லோகஸ்ட் தெருவும் சந்திக்கும் முனையருகே, டேனியல் ஃபாக்னர் என்ற 25 வயதுக் காவலர் ஒரு காரை நிறுத்தினார். ஓட்டிவந்தவர் முமியாவின் தம்பி. வானொலிச் செய்தியாளராகப் பெயர்பெற்று, கறுப்பினப் பத்திரிகையாளர் சங்கத்தின் ஃபிலடெல்ஃபியா கிளைக்குத் தலைவராகவும் இருந்த முமியா, வருமானத்துக்காக இரவில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவரும் அந்த இடத்துக்கு வந்தார். சில நிமிடங்களில் ஃபாக்னர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். மார்பில் குண்டடி பட்ட முமியா அருகில் விழுந்துகிடந்தார். 1982 ஜூலையில் ஜூரி அவரைக் குற்றவாளி எனத் தீர்மானித்து, மறுநாளே மரண தண்டனை விதித்தது. வழக்கை நடத்தியவர் ஆல்பர்ட் சேபோ. தம் பணிக்காலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மரண தண்டனைகளுக்குத் தலைமை வகித்த நீதிபதி அவர்.

அந்தத் தெருமுனை அமைந்த வட்டாரம் பல பத்தாண்டுகளாக ஃபிலடெல்ஃபியாவின் தன்பாலீர்ப்பாளர் கூடும் பகுதி. மதுக்கூடங்கள், காபிக் கடைகள், பின்னாளில் புத்தகக் கடை, சமூகக் கூடம் எல்லாம் அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தன. 2007-இல் நகராட்சி அந்த வட்டாரத்தின் தெருப் பெயர்ப்பலகைகளில் வானவில் நிறங்களைப் பொறித்தது. அங்கே ஃபாக்னர் விழுந்த இடத்தில் அவருக்கும் ஒரு நினைவுப் பலகை உண்டு. முமியா வழக்கைக் கறுப்பினத்தவருக்கும் காவல்துறைக்கும் இடையிலான கதையாக மட்டும் எழுதுவோர் இந்த நிலவியலைக் கவனிப்பதில்லை.

அந்த வட்டாரத்தினருக்கும் கறுப்பினக் குடியிருப்புகளுக்கும் பொதுவாக இருந்தது ஒரே காவல்துறை. நீண்ட காலம் ஒரே மனிதர். ஃபிராங்க் ரிஸ்ஸோ 1950-களின் இறுதியில், நகர மையத்துக் காவல் அதிகாரியாக இருந்தபோது, தன்பாலீர்ப்பாளர் கூடிய காபிக் கடைகளில் திடீர்ச் சோதனைகள் நடத்திப் பெயர் பெற்றவர். 1967-இல் நகரக் காவல்துறைத் தலைவரானார். 1968 மார்ச்சில் ரஸ்டிஸ் என்ற மதுக்கூடத்தில் அவருடைய காவலர்கள் புகுந்து பெண்களைக் கைது செய்தனர். அதுவரை அடக்கமாக இயங்கிவந்த லெஸ்பியன் அமைப்பின் உள்ளூர்க் கிளை அந்த நிகழ்வுக்குப் பிறகு பழைய பெயரையும் பழைய பணிவையும் விட்டுவிட்டு, நேரடிச் செயல்பாட்டு அமைப்பாக மாறியது. நியூயார்க்கின் ஸ்டோன்வால் கலகத்துக்கு அது ஓராண்டு முந்தியது.

1970 ஆகஸ்ட் 31 அன்று அதே காவல்துறை கருஞ்சிறுத்தைகள் கட்சியின் அலுவலகங்களில் புகுந்தது. பிடிபட்ட ஆண்களைத் தெருவில் சுவரைப் பார்த்து நிற்கவைத்து ஆடைகளைக் களையச் செய்தது. அந்தப் புகைப்படம் நாடெங்கும் பரவியது. அதற்கு முந்திய ஆண்டில், தம் 15-ஆம் வயதில், முமியா அக்கட்சியின் உள்ளூர்க் கிளையில் சேர்ந்து தகவல் பிரிவுப் பொறுப்பேற்றிருந்தார்.

சோதனை நடந்த நாளையும் கவனிக்க வேண்டும். அதற்கு அடுத்த வாரம், செப்டம்பர் தொடக்கத்தில், டெம்பிள் பல்கலைக்கழகத்தில் கருஞ்சிறுத்தைகள் 'புரட்சிகர மக்கள் அரசியலமைப்பு மாநாடு' கூட்டவிருந்தனர். ஆயிரக்கணக்கானோர் வந்தனர். தன்பாலீர்ப்பாளர் விடுதலை முன்னணியினரும் வந்தனர். அவர்கள் அங்கே வரத் துணிந்ததற்கு ஓர் உரை வழிவகுத்திருந்தது. ஆகஸ்ட் 15 அன்று கட்சித் தலைவர் ஹியூயி நியூட்டன், பெண் விடுதலை இயக்கத்தையும் தன்பாலீர்ப்பாளர் இயக்கத்தையும் தோழமைச் சக்திகளாக ஏற்குமாறு தம் கட்சியினரைக் கேட்டுக்கொண்டார். மொழியியல் மாணவர்கள் அந்த உரையை ஒரு குறிப்பிட்ட காரணத்துக்காகப் படிக்கலாம். தன்பாலீர்ப்பாளரை இழிவுபடுத்தும் வசைச்சொற்களைக் கட்சியின் சொல்வழக்கிலிருந்தே நீக்கச் சொன்னார் நியூட்டன். அதிலும் நிக்சன் போன்ற பொது எதிரிகளைத் திட்டுவதற்கு அந்தச் சொற்களை எடுக்கக் கூடாது என்றார். எதிரியை ஏச நண்பனின் பெயரை வசவாக்கினால் அடி யார்மேல் விழுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஐந்தாண்டு கழித்து, மேயராக இருந்த ரிஸ்ஸோ மறுதேர்தலின்போது ஒரு வாக்கியம் சொன்னார். தேர்தல் முடியட்டும், தாம் ஆளப்போகும் விதத்தைப் பார்த்தால் அட்டிலாவே ஓர் ஆண்மையற்றவனாகத் தோன்றுவான் என்ற பொருளில் அவர் பேசினார். அட்டிலாவுக்கு அவர் சூட்டியது, நியூட்டன் கைவிடச் சொன்ன அதே வசைச்சொல். 1979-இல் அமெரிக்க நீதித்துறையே ஃபிலடெல்ஃபியா காவல்துறையின் வன்முறைக்காக நகர நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. ஃபாக்னர் இறந்த இரவு அதிலிருந்து இரண்டே ஆண்டுத் தொலைவில் இருக்கிறது.

மாநாடு எல்லாருக்கும் இனித்ததாகச் சொல்ல முடியாது. அங்கு வந்த லெஸ்பியன்கள் பலர் தங்கள் குரல் கேட்கப்படவில்லை என்ற கசப்போடு வெளியேறினர். தன்பாலீர்ப்பு ஆண்களின் சார்பில் மேடையேறியவர் கியோஷி குரோமியா. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய அமெரிக்கரை அடைத்துவைத்த முகாம் ஒன்றில் பிறந்தவர் அவர். அந்த முகாம் வயோமிங் மாநிலத்தில் இருந்தது. வயோமிங்கின் பெயர் இந்த வரலாற்றில் மீண்டும் வரும்.

ஆக, 1999-இல் வானவில் கொடி பிடித்தவர்களில் மூத்தவர்களுக்கு முமியா அந்நியர் அல்லர். அவரை நேரில் அறியாதிருக்கலாம். அவரைத் துரத்திய காவல்துறையை அறிந்திருந்தார்கள். இந்த அணியை நிறுவியவர்களில் ஒருவர் லெஸ்லி ஃபைன்பர்க். பஃபலோ நகரத் தொழிலாளர் வர்க்கத்தில் வளர்ந்த, திருநர் அரசியலின் முன்னோடி எழுத்தாளர், பொதுவுடைமையாளர். 1993-இல் வெளிவந்த அவருடைய 'ஸ்டோன் புச் புளூஸ்' நாவலில், மதுக்கூடங்களில் புகும் காவலர்களும் காவல்நிலையத்தில் நடக்கும் வதைகளும் கதையின் முதுகெலும்பாகவே அமைந்திருக்கும். ஃபைன்பர்க் தமக்கென, ஆண்பால் பெண்பால் இரண்டையும் சாராத, புதிதாக ஆக்கப்பட்ட ஆங்கிலப் பிரதிப்பெயர்களையும் ஏற்றுக்கொண்டவர். தமிழின் 'அவர்' அந்தச் சிக்கலில் பாதியை எளிதாகத் தீர்த்துவிடுகிறது. அந்த 'அவர்' யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு 'அது'வும் 'அவன்'உம் கிடைக்கின்றன என்ற மறுபாதி அப்படியே இருக்கிறது.

சிறை மேடையை இயக்க மேடையாக்கியதில் முமியாவின் எழுத்துக்கும் பங்குண்டு. 1994-இல் தேசியப் பொது வானொலி அவருடைய உரைகளை ஒலிபரப்புவதாக அறிவித்துப் பின்வாங்கியது. 1995-இல் மரண தண்டனைச் சிறையிலிருந்து அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூன் தொடக்கத்தில் ஆளுநர் டாம் ரிட்ஜ் முதல் தூக்காணையில் கையொப்பமிட்டார். 'தூக்கு' என்பது தமிழ் வழக்கு. அங்கே காத்திருந்தது நச்சூசி. ஆகஸ்ட் 17 என நாள் குறிக்கப்பட்டுப் பின்பு நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டாவது ஆணை 1999 அக்டோபர் 13 அன்று வந்தது.

அந்த அக்டோபரில் வானவில் கொடிக்காரர்கள் இன்னொரு வழக்கையும் கவனித்துக்கொண்டிருந்தனர். ஓராண்டுக்கு முன், 1998 அக்டோபரில், வயோமிங்கின் லாரமி நகரில் மேத்யூ ஷெப்பர்ட் என்ற 21 வயது மாணவர் வேலியில் கட்டிவைத்துத் தாக்கப்பட்டு, சில நாள்களில் மருத்துவமனையில் இறந்தார். அவர் தன்பாலீர்ப்பாளர். கொலையாளிகளில் ஒருவர் 1999 ஏப்ரலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார். மற்றவரான ஆரன் மக்கின்னியின் விசாரணை அக்டோபரில் நடந்தது. அரசுத் தரப்பு மரண தண்டனை கோரியது.

ஃபிலடெல்ஃபியாவில் எடுத்த நிலைப்பாடு உண்மையானதா என்பதற்கான சோதனை லாரமியில் வந்தது. ஒருவரின் மரண தண்டனையை எதிர்ப்பவர், தம்மவரைக் கொன்றவரின் மரண தண்டனையையும் எதிர்ப்பாரா? ஷெப்பர்டின் இறப்பு நாடெங்கும் தன்பாலீர்ப்பாளரைத் தெருவுக்குக் கொண்டுவந்திருந்தது. கோபம் உச்சத்தில் இருந்தது. அந்தச் சூழலில் சில முக்கிய அமைப்புகள், இந்த வழக்கிலும் மரண தண்டனை வேண்டாம் என வெளிப்படையாக அறிவித்தன. எல்லா அமைப்புகளும் அப்படிச் செய்யவில்லை. வெறுப்புக் குற்றச் சட்டங்களுக்காகப் பல ஆண்டுகள் உழைத்துவந்த ஓர் இயக்கத்துக்கு, தண்டிக்கும் அரசு நண்பனா பகைவனா என்ற கேள்வி எளிதானதன்று. அந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுச் சட்டமன்ற வாயிலில் காத்திருப்பது பலருக்கு வசதியாக இருந்தது.

1999 நவம்பர் 4 அன்று மக்கின்னிக்கு ஆயுள் தண்டனை உறுதியானது. ஷெப்பர்டின் தந்தை நீதிமன்றத்தில் பேசினார். தாம் மரண தண்டனையை நம்புபவர் என்பதையும், தம் மகனும் சில குற்றங்களுக்கு அது பொருந்தும் என்று கருதியதையும் மறைக்காமல் சொன்னார். டெக்சாசில் ஜேம்ஸ் பேர்ட் என்ற கறுப்பினத்தவர் இனவெறியர்களால் கொல்லப்பட்டபோது தந்தையும் மகனும் அது பற்றிப் பேசியிருந்தனர். ஆயினும் மகனின் நினைவை முன்னிட்டு மக்கின்னியின் உயிரை விட்டுவைப்பதாக அறிவித்தார். இந்த உரையைக் கருணையின் சான்றாக மட்டும் மேற்கோள் காட்டுவோர் அதன் சங்கடமான பகுதியை விட்டுவிடுகின்றனர். தண்டனையைக் கொள்கையளவில் எதிர்த்தவர் குடும்பத்தினர் அல்லர். அந்த இளைஞரை ஒருமுறைகூடச் சந்தித்திராத செயல்பாட்டாளர்கள்.

இதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 26 அன்று, கூட்டாட்சி நீதிபதி வில்லியம் யோன் முமியா மீதான இரண்டாவது ஆணையை நிறுத்திவைத்திருந்தார்.

இயக்கத்துக்குள்ளும் பிளவு இருந்தது. மறுவிசாரணை கேட்பதா, விடுதலை கேட்பதா? முழக்கத்தில் ஒரு சொல்லின் வேறுபாடுதான், ஆனால் நண்பர்களைப் பிரித்தது. 2000 பிப்ரவரியில் அம்னெஸ்டி இன்டர்நேஷனல் தன் அறிக்கையில், அவர் குற்றவாளியா இல்லையா என்ற கேள்விக்குள் போகாமல், விசாரணை நேர்மையின் அளவுகோல்களை எட்டவில்லை என்று கூறி மறுவிசாரணை கோரியது. ஃபாக்னரின் குடும்பமும் காவலர் சங்கமும் இவை அனைத்தையும் கடுமையாக எதிர்த்தன. 25 வயதில் ஒருவர் கொல்லப்பட்டார் என்பதை எந்த ஊர்வலமும் மாற்றிவிடவில்லை; அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாத வரலாறு அரைகுறையானது.

இனி, 'ஏன்' என்ற தொடக்கக் கேள்விக்கு இரண்டாவது விடை. அமெரிக்காவில் மரண தண்டனை வழக்குக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதற்கட்டத்தில் ஜூரி குற்றம் நடந்ததா என்று முடிவு செய்கிறது. இரண்டாம் கட்டத்தில், குற்றவாளி வாழலாமா என்று முடிவு செய்கிறது. இலக்கணத்தின் மொழியில் சொன்னால், முதற்கட்டத்தில் விசாரிக்கப்படுவது பயனிலை. இரண்டாம் கட்டத்தில் எழுவாய். என்ன செய்தான் என்ற கேள்வி முடிந்து, இவன் எப்படிப்பட்டவன் என்ற கேள்வி தொடங்குகிறது. சமூகத்தின் வெறுப்புகள் அடைமொழிகளாக உள்ளே நுழைவது அப்போதுதான்.

முமியா வழக்கின் இரண்டாம் கட்டத்தில் அரசு வழக்கறிஞர் எடுத்துப் படித்தது, 1970 ஜனவரியில் ஒரு நாளிதழில் வந்த பேட்டி. அதில் 15 வயது முமியா, அந்நாளில் கருஞ்சிறுத்தைகள் எல்லாரும் சொல்லிவந்த மாவோவின் தொடர் ஒன்றைத் திரும்பச் சொல்லியிருந்தார். அரசியல் அதிகாரத்தையும் துப்பாக்கியையும் இணைக்கும் தொடர் அது. பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு, கறுப்பினத்தவர் இருவரே இருந்த ஜூரியின் முன், அது அவருடைய இயல்புக்குச் சான்றாயிற்று.

வான்டா ஜீன் ஆலன் வழக்கில் நடந்தது இதன் உடன்பிறப்பு. ஓக்லஹோமாவில் தம் காதலியைச் சுட்டுக் கொன்றதற்காகத் தண்டிக்கப்பட்ட கறுப்பின லெஸ்பியன் அவர். அந்த உறவில் 'ஆண்' இவரே என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 'ஜீன்' என்ற நடுப்பெயரை ஆண்கள் எழுதும் எழுத்துக்கூட்டலில் அவர் எழுதியதை ஜூரிக்குச் சுட்டிக்காட்டியது. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. ஆங்கிலத்தில் ஓரிரு எழுத்துகளில் தொங்கியது ஒரு பெண்ணின் படிமம். அவருடைய வழக்கறிஞருக்குக் கிடைத்த ஊதியம் 800 டாலர். 2001 ஜனவரி 11 அன்று அவருக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1954-க்குப் பிறகு அமெரிக்காவில் கொல்லப்பட்ட முதல் கறுப்பினப் பெண் கைதி அவர்.

'சாலிடாரிட்டி' என்பதைத் தமிழில் 'ஒருமைப்பாடு' என்று எழுதும் வழக்கம் நிலைத்துவிட்டது. இந்த வரலாற்றுக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. ஒருமை என்றால் ஒன்றாயிருத்தல். வானவில் கொடிக்காரர்கள் முமியாவோடு ஒன்றானவர்கள் அல்லர். அப்படி உரிமை கோரவும் தேவை இல்லை. ஒரே காவல்துறையின் கையில் அடிபட்ட வெவ்வேறு ஆள்கள், ஒரே நீதிமன்றச் சொல்லாடலால் வெவ்வேறு அடைமொழிகள் சூட்டப்பட்டவர்கள். 'தோழமை' என்ற பழைய சொல் வேறுபாட்டை விட்டுவைக்கிறது. தோழன் நானாக இருக்க வேண்டியதில்லை.

முமியாவின் மரண தண்டனை கடைசியில் விழுந்த விதமும் மொழி சார்ந்ததுதான். 2001 டிசம்பரில் யோன் குற்றத்தீர்ப்பை அப்படியே நிறுத்தி, தண்டனையை மட்டும் நீக்கினார். தண்டனையைக் குறைப்பதற்கான காரணங்களை ஜூரியின் ஒவ்வோர் உறுப்பினரும் தனித்தனியாகவே கருத்தில் கொள்ளலாம். சேபோவின் அறிவுறுத்தல்களும் ஜூரியிடம் தரப்பட்ட படிவத்தின் வாசகமும், பன்னிருவரும் ஒத்துக்கொண்டால்தான் அவை செல்லும் என்ற மயக்கத்தை உண்டாக்கக்கூடியவை என்று அவர் கண்டார். மேல்முறையீடுகள் பத்தாண்டு இழுத்தன. 2011 டிசம்பர் 7 அன்று, இனி மரண தண்டனை கோரப்போவதில்லை என்று ஃபிலடெல்ஃபியா மாவட்ட அரசு வழக்கறிஞர் அறிவித்தார். பரோல் இல்லாத ஆயுள் தண்டனை மிஞ்சியது. ஃபைன்பர்க் அதைக் காண உயிரோடிருந்தார்; 2014 நவம்பரில் மறைந்தார். குரோமியா 2000 மே மாதமே மறைந்துவிட்டார்.

தெற்கு டகோட்டாவில் சார்ல்ஸ் ரைன்ஸ் என்ற தன்பாலீர்ப்பாளருக்கு ஒரு கொலைக்காக 1993 ஜனவரியில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. முடிவெடுக்கும் முன் ஜூரி நீதிபதிக்கு ஒரு குறிப்பு எழுதியது. ஆயுள் தண்டனை தந்தால் அவர் மற்றக் கைதிகளோடு பழகுவாரா, அறைத்துணை உண்டா, இளம் ஆண் கைதிகளிடம் தம் குற்றத்தைப் பெருமையடித்துக்கொள்வாரா என்றெல்லாம் அதில் கேட்டிருந்தார்கள். தரவேண்டிய விவரமெல்லாம் ஜூரிக்கான அறிவுறுத்தல்களில் இருக்கிறது என்பதே நீதிபதியின் பதில். தன்பாலீர்ப்பாளரை ஆண்கள் சிறைக்கு அனுப்புவது அவருக்குத் தண்டனையாக இராது என்ற பேச்சு அறைக்குள் எழுந்ததைப் பல ஆண்டுகள் கழித்து ஜூரி உறுப்பினர்கள் சிலர் வாக்குமூலமாகத் தந்தனர். லாம்ப்டா லீகல் உள்ளிட்ட உரிமை அமைப்புகள் ரைன்சுக்காக உச்ச நீதிமன்றத்தை அணுகின. 2018-இலும் 2019-இலும் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்க மறுத்தது. 2019 நவம்பர் 4 அன்று ரைன்ஸ் கொல்லப்பட்டார். மக்கின்னியின் உயிர் விட்டுவைக்கப்பட்டு அன்றோடு சரியாக இருபது ஆண்டு.